தொலைபேசியில் வந்த மருமான்

சத்திபல்திக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் இவரைப் பிறந்த உடனே பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்று, ஒரு மடி மாவு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். விலைக்கு வாங்கியவன் என்பதுதான் அவர் பெயரின் பொருள். எமன் ஏமாந்தான். பிள்ளை பிழைத்து, இசிக்-குல் ஏரியின் தென்கரையில் வளர்ந்து, தொலைபேசி இலாகாவில் கம்பிக்காரராகச் சேர்ந்தது.

கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, பனியில் அறுந்த இடத்தைத் தேடிக் குதிரையில் கணவாய் ஏறுவது. அவர் இளமை முழுக்க இதில் போனது. பிறகு கைபேசிக் கோபுரங்கள் வந்தன. கம்பங்களை விறகுக்கு வெட்டினார்கள். சத்திபல்தி, பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடப் போனார். அவருடைய ஒரே மகள் பெர்மெத் படித்து, கைபேசிக் கம்பெனியில் கோபுரங்களைப் பராமரிக்கும் பொறியாளர் ஆனாள். "என் கம்பத்தையெல்லாம் சாய்ச்சவ இவதான்" என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மணி அடித்தால் எடுக்க வேண்டும்.

"ஒவ்வொரு மணிக்கும் பின்னாடி ஒருத்தன் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறான். அவனை நிக்க வைக்கலாமா?" என்பார்.

எடுத்தால் நேரே விஷயத்துக்கும் போக மாட்டார். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, ஆடுமாடு எப்படி, உங்கள் பக்கம் மழையா, புல் எப்படி. எல்லாம் கேட்ட பிறகுதான் நீங்கள் யார் என்று கேட்பார். தவறான எண் என்றாலும் இதே கதைதான். கரகோல் நகரத்திலிருந்து யாரோ ஒரு ரஷ்யக் கிழவி தன் மகனுக்கு அடிக்க நினைத்து இவருக்கு அடித்துவிட்டாள். தன் முழங்கால் வலியை அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து கரிந்துபோனது. அவர் மனைவி புருல் அதை இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

கொதிகலன் அறையில் அவருக்குக் கூட்டாளி எசென். வயதில் இளையவர். ஒரே கெட்டிலில் தேநீர், மாற்றி மாற்றிப் பிடிக்கும் ஒரே மண்வாரி. எசென் தன் அப்பாவின் ஆண்டு நினைவு விருந்துக்குக் குதிரை அறுக்க வேண்டியிருந்தது. ஊர் கூடும் விருந்துக்கு ஆடு அறுத்தால் யார் மதிப்பார்கள்? கைபேசியிலேயே கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வாங்கினார். அதற்கு இரண்டாவதாக ஒரு தொடர்பு எண் கேட்டார்கள். சத்திபல்தியின் எண்ணைப் போட்டார். விருந்து நன்றாக நடந்தது. குதிரையும் கொழுத்த குதிரை. அடுத்த வசந்தத்தில் எசென் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். போனவர் எண்ணையும் மாற்றிக்கொண்டார்.

அந்தக் கோடையில் பெர்மெத் கைக்குழந்தையோடு, வாழ்க்கைப்பட்ட ஊரான நாரினிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் அழைப்பு வந்தபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தைக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"எசென் இருக்காரா?" ஒரு பெண் குரல்.

"நல்லா இருக்கியாம்மா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எசென் எங்கேன்னு கேட்டேன்."

"அவன் ரஷ்யாவுக்குப் போயிட்டான்மா. நீ எந்த ஊருப் பொண்ணு? உங்க பக்கம் மழை உண்டா?"

"மழை இருக்கட்டும். அவன் வாங்குனதை நீங்க கட்டுங்க. கூட்டாளிதானே? திருடனுக்குக் கூட்டாளியும் திருடன்தான்."

வைத்துவிட்டாள். சத்திபல்தி கைபேசியைக் கீழே வைத்தார்.

"பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டமோ."

"கஷ்டம் இனிமே உங்களுக்குத்தான்" என்றாள் புருல்.

அதன் பிறகு ஓயவில்லை. மாடு கறக்கும்போது அடித்தது. தொழுகைக்குக் கை கால் கழுவும்போது அடித்தது. ஒவ்வொரு முறையும் அவர் எடுத்தார், நலம் விசாரித்தார், வசவு வாங்கினார். பெர்மெத் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வராமல் அடைத்தாள். வேறு எண்ணிலிருந்து வந்தது. அதையும் அடைத்தாள். கடைசி இலக்கங்கள் மட்டும் மாறி மறுபடி வந்தது. அவளுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியும். எண்களை மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். அழைப்பது இயந்திரம். இந்தப் பக்கம் எடுத்தால்தான் அந்தப் பக்கம் ஆளுக்கு இணைக்கும். எடுக்கிற எண்ணுக்குத்தான் திரும்பத் திரும்ப அடிக்கும்.

"எடுக்காதீங்கப்பா. எடுக்காம விட்டா, கொஞ்ச நாள்ல அந்த மெஷினே உங்களை விட்டுரும்."

"மெஷின் விட்டுரும். பேசுறது மனுசன்தானே?"

"மனுசன்தான். ஆனா முன்னாடி திரையில எழுதியிருக்கிறதைப் பேசுற மனுசன். நீங்க இதைச் சொன்னா அவன் அதைச் சொல்லணும்னு எழுதி வச்சிருக்கும்."

"அப்ப எழுதாததைப் பேச வச்சுட்டா?"

"அப்பா, சட்டப்படி உங்களுக்கும் இந்தக் கடனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"சட்டத்தை எசென் வரும்போது அவன்கிட்ட சொல்லு" என்றார். "மனுசனை மனுசனாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. பாத்துக்கிட்டே இரு."

வழி கிடைத்தது. ஒரு நாள் அழைத்தவன் வேறு மாதிரிப் பேசினான்.

"சலாம் அலைக்கும் ஐயா. உடம்பு சுகமா? வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா? கால்நடையெல்லாம் மேய்ச்சலுக்குப் போயாச்சா?"

சத்திபல்தியின் முகம் மலர்ந்தது. இவர் பதிலுக்கு விசாரித்தார். அவன் இவருக்கு மேலே விசாரித்தான்.

"நல்ல வளர்ப்பு. யாருப்பா நீ?"

"தலாந்த் ஐயா. அந்தக் கம்பெனியிலதான் வேலை. வயித்துப் பொழப்பு."

"அது கெடக்கட்டும். நான் புகு குலம். நீ என்ன குலம்? ஏழு தலைமுறை சொல்லு பாக்கலாம்."

அவன் தடங்கல் இல்லாமல் ஏழு பெயர்களைச் சொன்னான். சாரிபாகிஷ் குலம். சத்திபல்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"தாய்வழி?"

"எங்கம்மாவும் புகு குலம்தான் ஐயா. உங்க கரைப்பக்கம்தான் பொறந்த வீடு."

சத்திபல்தி எழுந்தே நின்றுவிட்டார். "அட! அப்படின்னா நீ எங்க வீட்டு மருமான்டா!"

"நீங்க எனக்குத் தாய்மாமன் ஆச்சே, மாமா!"

அன்று அவர் வீட்டில் வெற்றி விழாதான். "பாத்தியா? திரையில இது எழுதியிருந்துச்சா?" என்று மகளைக் கேட்டார்.

"நீங்கதான் முதல்ல புகுன்னு சொன்னீங்க" என்றாள் பெர்மெத்.

"அம்மா குலத்துல பொய் சொல்லுவானா ஒருத்தன்? அவளையே வித்த மாதிரி இல்ல?"

புருல் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஏழு ஓநாய் வந்தாலும் வரட்டும், ஒரு மருமான் வரக்கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். சகோதரி மகன் தாய்மாமன் வீட்டுக்கு வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. குதிரைக்குட்டியைக் கேட்டால் அவிழ்த்துவிட வேண்டும். மருமானை அடிக்க ஓங்கிய கை சாகும்வரை நடுங்கும். சத்திபல்தி அவனைத் தன் உறவுக்குள் இழுத்துப் போட்டு வாயைக் கட்டிவிட்டதாக நினைத்தார். கயிற்றின் மறுமுனை எங்கே கட்டப்பட்டது என்று அவர் பார்க்கவில்லை.

தலாந்த் அடிக்கடி அழைத்தான். கடனைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டான். மற்றவர்களின் வசவு நின்றுவிட்டது. மாமாவும் மருமானும் உலகத்தைப் பேசினார்கள். மகளை எங்கே கொடுத்திருக்கிறீர்கள், மாமா? நாரினில். சம்பந்தி யார்? ஜுமாஷ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சாயக் குலத்தில் பெரிய மனிதர், அவர் வார்த்தைக்கு அந்தப் பக்கம் மறுவார்த்தை கிடையாது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானா? இலையுதிர்காலத்தில் அவனுக்குக் கால்கட்டை அறுத்து நடக்கவிடும் விழா வைத்திருக்கிறார்கள். நல்லது மாமா, நல்லது. சம்பந்தி வீட்டுக்கு என் சலாம்.

பெர்மெத் நாரினுக்குத் திரும்பிய பிறகுதான் அவன் கேட்டான்.

"மாமா, மேலே இருக்கவங்க உங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அடிக்கச் சொல்றாங்க. நாரின் சம்பந்தி வீட்டுக்கும் சேத்துத்தான். நான்தான் தடுத்து வச்சிருக்கேன். கொஞ்சமாவது கட்டுனீங்கன்னா எனக்கும் சொல்ல வாய் இருக்கும். மருமான் கேக்குறேன்."

சத்திபல்தி உருளைக்கிழங்கு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் இருந்த பணம் கட்டும் இயந்திரத்தில் போட்டார். அடுத்தது ஆட்டு ரோமம். அதற்கடுத்தது குதிரைக்குட்டி. கடைக்காரி பார்த்தாள். கடைக்காரி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி.

புருல் மகளுக்குப் போன் செய்து அழுதாள். "குட்டியையும் வித்துட்டார்டி. கேட்டா, என் மக அந்த வீட்டுல தலைகுனிஞ்சு தேத்தண்ணி ஊத்தக்கூடாதுங்கிறார். அவரு எவங்கிட்டயும் அஞ்சு சோம் காசு கடன் வாங்கினவரில்ல. இப்ப ஊரே கடன்காரன்னு பேசுது."

பெர்மெத் அப்பாவை அழைத்தாள். வழக்கம்போல ஆட்டிலிருந்து தொடங்கினார். அவள் இடையில் வெட்டினாள்.

"அப்பா, ஒருதடவை கட்டிட்டீங்கன்னா அவங்க கணக்குல நீங்க தொடர்பு எண் இல்ல. கட்டுற ஆள். இனிமே விடவே மாட்டாங்க."

"தலாந்த் பாத்துக்குவான்."

"எங்க மாமனாருக்குத்தானே பயப்படுறீங்க? நானே அவர்கிட்ட நடந்ததைச் சொல்லிடறேன்."

"சொல்லாதே!" அப்பா அவளிடம் அப்படிக் குரல் உயர்த்தியது அவள் நினைவில் இல்லை. பிறகு தணிந்து, "சொல்லாதே தாயி. சொன்னா அது பேச்சாயிடும். என்னைப் பத்தி அந்த வீட்டுல ஒரு பேச்சும் வேண்டாம்" என்றார்.

விழா நாளில் ஜுமாஷின் வீட்டில் நீளமாக விருந்துத் துணி விரித்திருந்தார்கள். சத்திபல்திக்கும் புருலுக்கும் அதன் தலைப்பக்கத்தில் மரியாதையான இடம். குழந்தையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள். சிறுவர்கள் ஓடிவந்தார்கள், முதலில் வந்தவன் கயிற்றை அறுத்தான், குழந்தை இரண்டு அடி வைத்து உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கறி வந்தது. மரியாதைக்குரிய இடுப்பெலும்பை ஜுமாஷ் தன் கையாலேயே எடுத்துச் சம்பந்தி முன் வைத்தார். பெர்மெத் மருமகள்களுக்குரிய இடத்தில், துணியின் ஓரத்தில், தலையில் முக்காட்டோடு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜுமாஷின் கைபேசி அடித்தது. அவருக்குக் காது மந்தம். எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவார்.

"சலாம் அலைக்கும் ஐயா. உடம்பு சுகமா? கால்நடையெல்லாம் மலையிலேர்ந்து இறங்கியாச்சா?"

"வ அலைக்கும் சலாம். யாருப்பா இது, இவ்வளவு மரியாதையா?"

"நான் தலாந்த். சாரிபாகிஷ் குலம். எங்கம்மா உங்க சாயக் குலத்துப் பொண்ணுதான் ஐயா. முறைக்கு நீங்க எனக்குத் தாய்மாமன்."

ஜுமாஷ் விருந்தாளிகளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "மருமான் பேசுறான்!" என்றார்.

"ஏழு ஓநாயை அனுப்பியிருக்கலாம்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் வெடித்துச் சிரித்தது.

சத்திபல்தி சிரிக்கவில்லை. கறித்துண்டைப் பிடித்த கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது. பெர்மெத் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். கோபம் இல்லை. ஒருவன் தன் தாயின் பிறந்த வீட்டை இடத்துக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லுவான் என்பதை அவர் அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்.

குரல் தொடர்ந்தது. "நல்ல நாள்ல சொல்றதுக்குச் சங்கடமா இருக்கு மாமா. உங்க சம்பந்தி சத்திபல்தி எங்ககிட்டக் கட்டவேண்டிய கடனை இழுத்தடிக்கிறார். நீங்க பெரியவர், ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

துணியைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். தேநீர்க் கிண்ணங்களைக் கீழே வைத்தார்கள்.

"தலாந்த்" என்றார் சத்திபல்தி.

கைபேசியின் பக்கம் குனிந்தார்.

"டேய் தலாந்த். உங்கம்மா எந்தக் குலம்டா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவரிடம் இருந்த ஒரே நியாயமான கேள்வி அது. அதுவே அவரைக் கவிழ்த்தது. "பேர் வரைக்கும் தெரியுதே" என்று ஒரு முதியவர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். கடன்காரன் இல்லாதவனுக்குக் கடன் வசூலிப்பவனின் பெயரும் குரலும் எப்படித் தெரியும்?

பெர்மெத் தேநீர்க் கெண்டியோடு எழுந்துவிட்டாள். மாமனார் முன்னால் குரலெடுத்துப் பேசியதே இல்லை. "அது எங்கப்பா வாங்கின கடன் இல்ல. எசென்னு ஒருத்தர் இவரோட நம்பரைக் குடுத்துட்டு..."

"தேத்தண்ணி ஆறுது, மருமகளே. ஊத்து" என்றார் மாமியார். அதட்டலாக இல்லை. பரிவாகத்தான்.

"அப்பாவுக்காகப் பேசுறது நல்ல குணம்தான் மகளே" என்றார் ஜுமாஷ். பிறகு சம்பந்தியிடம் திரும்பினார். "இதுவரைக்கும் ஏதாவது கட்டியிருக்கீங்களா?"

சத்திபல்திக்குப் பொய் வராது. "கட்டியிருக்கேன்."

"அப்புறம் என்ன? அடுத்தவன் கடனை எவன் கட்டுவான்? தப்பில்ல சம்பந்தி. யாருக்குத்தான் கஷ்டம் வரலை? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

புருல் வாயைத் திறந்தாள். சத்திபல்தி அவள் முழங்காலில் கை வைத்தார். எசெனைத் திருடன் என்று முன்பின் தெரியாதவர்கள் நடுவில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை.

ஜுமாஷ் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் தேவலை என்று பெர்மெத் பிற்பாடு பலமுறை நினைத்தாள். கெட்டவரோடு சண்டை போட்டிருக்கலாம். அவர் எழுந்து நின்று, "சம்பந்தியோட மானம் எங்க மானம்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத் துணியை விரித்து முதல் பணத்தைப் போட்டார். துணி கைமாறிக் கைமாறிச் சுற்றியது. சாயக் குலத்தார் கஞ்சத்தனம் செய்யவில்லை. குழந்தையின் விழாவுக்கு வந்தவர்கள் தாத்தாவின் கடனுக்குப் போட்டார்கள். துணி பெர்மெத் இருந்த ஓரத்துக்கும் வந்தது. அவள் அதை வாங்கி, அடுத்தவளிடம் கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

விடைபெறும்போது வழக்கப்படி சத்திபல்திக்குப் புது மேலங்கி போர்த்தி அனுப்பினார்கள். அவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கடன் தீர்ந்தது. அழைப்புகளும் நின்றன. விழா நாள் அழைப்பை நாரினுக்குச் சுமந்து வந்தது பெர்மெத்தின் கம்பெனிக் கோபுரம்தான். அவளே பழுதுபார்த்த கோபுரம். வீட்டில் இன்னும் இரண்டு முறை மாமனாரிடம் சொல்லிப் பார்த்தாள். "விடு மகளே, நாங்க அன்னிக்கே மறந்தாச்சு" என்றார். தலைகுனியாமல் தேநீர் ஊற்ற அவளால் முடியவில்லை. சத்திபல்தி அதன் பிறகு நாரினுக்கு வரவே இல்லை. பேரனைப் பார்க்க வாருங்கள் என்றால், கொதிகலனை யார் பார்ப்பது என்பார்.

பனிக்காலத்தில் ஒரு பகல். கொதிகலன் அறையில் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் குளிர்ந்த பிறகுதான் வந்து பார்த்தார்கள்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்து அவரை அதில் கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வெளியே கோல் ஊன்றி வரிசையாக நின்று, வருகிறவர்களை அழுது எதிர்கொண்டார்கள். ஜுமாஷ் தன் ஆட்களோடு கணவாய் தாண்டி வந்தார். எசெனும் வந்தார். பனிக்காலத்தில் ரஷ்யாவில் கட்டட வேலை கிடையாது. ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காரில் வந்து இறங்கி, சாவு வீட்டுக்கு முறையாக ஓர் ஆடு கொடுத்து, கோல் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

அடக்கத்துக்கான ஜனாசா தொழுகைக்கு முன் இமாம் கேட்டார்: "இவர் எப்படிப்பட்டவர்?"

"நல்லவர்" என்றது கூட்டம்.

மகன் இல்லாததால் தம்பி மகன் முன்னால் வந்தான். "எங்க பெரியப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தா என்கிட்ட வாங்கிக்குங்க."

யாரும் நகரவில்லை. ஜுமாஷின் குரல் கேட்டது. "ஒரு கடன் இருந்தது. சம்பந்திக நாங்க அன்னிக்கே தீர்த்துட்டோம். அவர் பாரம் இல்லாமப் போறார். இது எல்லாருக்கும் தெரியட்டும்."

நல்லது, நல்லது என்று ஊர் முணுமுணுத்தது. உள்ளே பெர்மெத்தின் ஒப்பாரி பாதியில் நின்றது. அவள் கூடாரத்தின் கம்பளி ஓரத்தைத் தூக்கினாள். வரிசையில் எசென் நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கடன் என்று இரண்டே சொல். சம்பந்தி இருக்கிறார், ஊர் இருக்கிறது, இமாம் இருக்கிறார். இதைவிட வேறு நேரம் வராது. எசென் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். வாய் திறந்தது.

தம்பி மகன் அடுத்ததைச் சொன்னான், எப்போதும் சொல்வதுதான்: "அவருக்கு யாராவது தரவேண்டியது இருந்தா, அது இன்னியோட மன்னிச்சாச்சு."

எசெனின் வாய் மூடிக்கொண்டது.

பெர்மெத் எழப் போனாள். புருல் அவள் உடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுங்கம்மா. கடன் வாங்கினது அவர்தான்னு நான் சொல்றேன்."

"மன்னிச்சோம்னு ஊருக்கு முன்னாடி சொல்லியாச்சுடி. சொன்னதுக்கப்புறம் கேக்கக்கூடாது. உங்கப்பா கபுருக்கு, அவர் படுக்கப் போற குழிக்கு, அது பாரம்."

வெளியே ஆண்கள் அவரைத் தூக்கினார்கள். எசென் கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்து பாடையின் முன்கம்பத்துக்குத் தோள் கொடுத்தார். "ஐயோ என் அண்ணனே" என்று அவர் அழுதது ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. அவ்வளவு உரக்க அன்று வேறு யாரும் அழவில்லை.